ஓட்டுப் பெட்டிக்குள் போப்பாண்டவர்

(பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



எந்த அரசாங்கப் பதவிக்கும் மதத்தைத் தகுதியாகக் கேட்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தின் 6-வது ஷரத்து சொல்கிறது. 1789 முதல் அமுலில் உள்ள சட்டம். ஏட்டிலே அப்படி. ஆனால் 1928-ல் நடந்த ஜனாதிபதி தேர்தலில், தேசம் முழுவதும் ஒரு அபேட்சகரின் மதத்தைப் பற்றியே பேச்சாக இருந்தது. பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு அந்தக் கதையில் சம்பந்தம் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

டெமாக்ரடிக் கட்சியின் அபேட்சகர் அல் ஸ்மித். நியூயார்க் நகரத்தின் ஏழைப் பேட்டையில் பிறந்தவர். சிறு வயதில் தகப்பனாரை இழந்து, பள்ளிக்கூடத்தை விட்டு, மீன் மார்க்கெட்டில் கூலிக்கு உழைத்தவர். பிறகு அரசியலில் நுழைந்து, நான்கு முறை நியூயார்க் ராஜ்யத்தின் கவர்னரானார். மதத்தால் கத்தோலிக்கர்.

1911 மார்ச் 25-ந் தேதி நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. உள்ளே வேலை செய்த பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். கதவு பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியே குதித்தார்கள். 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த இளம் பெண்கள். அதன் பிறகு அமைந்த தொழிற்சாலை விசாரணைக் கமிஷனில் ஸ்மித் துணைத் தலைவர். ஆலை ஆலையாகப் போய்ப் பார்த்தார். தீத்தடுப்புச் சட்டங்கள் வந்தன. 1912-ல் பெண்களுக்கு வாரம் 54 மணி நேர வேலை வரம்பு வந்தது. அவரை எடைபோட இதுவல்லவா தராசு?

ஆனால் 1928-ல் கேட்ட கேள்வி வேறு. இவர் வாஷிங்டனுக்குக் கட்டுப்படுவாரா, ரோமாபுரிக்குக் கட்டுப்படுவாரா என்று கேட்டார்கள். நியூயார்க்கில் ஆற்றுக்கு அடியில் வெட்டிய ஹாலந்து சுரங்கப்பாதையின் படத்தைக் காட்டி, ‘கடலுக்கடியில் போப்பின் அரண்மனைக்கு வழி போடுகிறார் பாருங்கள்’ என்று கதை கட்டினார்கள். நாம் சிரிக்கிறோம். நம்பியவர்கள் இருந்தார்களே! ஓக்லஹோமாவுக்கு அவருடைய ரயில் வந்தபோது கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் சிலுவைகளைக் கொளுத்தி வரவேற்றார்கள். தெற்கு ராஜ்யங்களில் அவருக்கு எதிராக முன்னின்று வேலை செய்தவர் மெதடிஸ்டு பிஷப் ஜேம்ஸ் கானன். (இந்தப் புண்ணியவான் பங்குச் சந்தைச் சூதாட்டத்தில் இறங்கியிருந்தது 1929-ல் அம்பலமாயிற்று.)

குடியரசுக் கட்சியின் ஹூவர் 48 ராஜ்யங்களில் 40-ஐப் பிடித்தார். மதம் ஒன்றுதான் ஸ்மித்தைத் தோற்கடித்தது என்று நாம் சொல்லவில்லை. செழிப்பு வந்துவிட்டது என்ற மயக்கமும் இருந்தது, மதுவிலக்குச் சண்டையும் இருந்தது. ஆனால் பரம்பரையாக டெமாக்ரடிக் கட்சிக்கே ஓட்டுப் போட்டுவந்த வட கரோலினா, வர்ஜீனியா, டெக்சாஸ் எல்லாம் அந்த ஆண்டு கைமாறியதற்கு மதப் பிரசாரத்தின் பங்கு பெரிது. அங்கெல்லாம் கறுப்பின மக்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்மித் நம்முடைய ஆள் என்றும் நாம் சொல்லவில்லை. அவருடைய தேர்தல் வேலையை நடத்திய ராஸ்காப், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் பெரிய கை. பிற்காலத்தில், 1934-ல், கோடீசுவரர்களின் லிபர்ட்டி லீகில் ஸ்மித்தே போய்ச் சேர்ந்தார். ரோமாபுரியைப் பற்றி அத்தனை கேட்டவர்கள், ஜெனரல் மோட்டார்ஸுக்குக் கட்டுப்படுவாயா என்று அவரைக் கேட்கவில்லை. கேட்டால் ஹூவரையும் அதே போலக் கேட்க வேண்டிவரும்.

சரி, போப்பாண்டவரிடமிருந்து காப்பாற்றப்பட்ட வட கரோலினாவில் அடுத்த ஆண்டு என்ன நடந்தது? அங்கே காஸ்டோனியா என்ற ஊரில் லோரே மில் என்ற பெரிய பஞ்சாலை. ஆள் குறைத்து, மிஞ்சியவர் தலையில் கூடுதல் இயந்திரங்களை ஏற்றினார்கள். வேலைப்பளு என்றால் என்னவென்று உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1929 ஏப்ரலில் வேலைநிறுத்தம். வாரம் 40 மணி நேரம், 20 டாலர் குறைந்தபட்சக் கூலி, சங்க அங்கீகாரம் என்று கேட்டார்கள். பட்டாளம் வந்தது. கம்பெனி வீடுகளிலிருந்து குடும்பங்களைத் தெருவில் தள்ளினார்கள். அந்த வட்டாரத்தில் மில் குடியிருப்புச் சர்ச்சுகளுக்கு மில் முதலாளிகளே பணம் கொடுத்து வந்தார்கள். போதகர்கள் தொழிலாளர் பக்கம் நிற்கவில்லை. செப்டம்பர் 14-ல், பாட்டுக் கட்டிப் பாடித் தொழிலாளரைத் திரட்டிய எல்லா மே விக்கின்ஸ் என்ற நூற்பாலைப் பெண், சங்கக் கூட்டத்துக்கு லாரியில் போகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பட்டப்பகல். ஒருவருக்கும் தண்டனை இல்லை. கொன்றவர்களும் புரொட்டஸ்டண்டு, செத்தவரும் புரொட்டஸ்டண்டு.

இனி 1960. ஜான் கென்னடியும் கத்தோலிக்கர். மறுபடியும் அதே கேள்வி. செப்டம்பர் 12-ல் ஹூஸ்டன் நகரத்தில் போதகர்கள் முன் நின்று, மதபீடம் தமக்கு உத்தரவு போட முடியாது என்று பதில் சொன்னார். சுமார் 1 லட்சத்துச் சொச்சம் ஓட்டு அதிகம் வாங்கி ஜெயித்தார். ஏடுகள் எல்லாம் இதைத்தான் எழுதும். நமக்கு அதைவிட, அந்த மே மாதம் மேற்கு வர்ஜீனியாவில் நடந்த கட்சிக்குள் தேர்தல்தான் பாடம்.

நிலக்கரிச் சுரங்க ராஜ்யம் அது. கத்தோலிக்கர் மிகச் சிலரே. கென்னடி அங்கே மண்ணைக் கவ்வுவார் என்றார்கள். ஆனால் இயந்திரம் வந்து, பத்தாண்டுகளில் சுரங்க வேலைகளில் பாதிக்கு மேல் போயிருந்தது. சர்க்கார் தந்த மாவையும் பன்றிக் கொழுப்பையும் வைத்து வயிற்றைக் கழுவிய ஜனங்கள், வேலைக்கும் சாப்பாட்டுக்கும் வழி என்ன என்று கேட்டார்கள். கென்னடி மதத்துக்கும் பதில் சொன்னார், இதற்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. தகப்பனாரின் பணமும் அங்கே தாராளமாகப் புரண்டது, அதை மறைப்பானேன்? நூற்றுக்கு 60 பேர் அவருக்கு ஓட்டளித்தார்கள்.

பதவியேற்ற மறுநாள், 1961 ஜனவரி 21-ந் தேதி, அவர் போட்ட முதல் உத்தரவு ஏழைகளுக்குத் தரும் உணவுப் பொருளை அதிகப்படுத்தும் உத்தரவு. மே மாதம் அதே ராஜ்யத்தின் மக்டோவல் மாவட்டத்தில், வேலையிழந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்துக்கு முதல் உணவுச் சீட்டு கிடைத்தது. சுரங்கத்தில் போன வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அதைக் கேட்க அவர்கள் மறுபடியும் போராட வேண்டியிருந்தது.