சின்ன இன்ஜினுக்குப் பெரிய கார்புரேட்டர்: ஒரு பத்மினியும் ஏற்காடு ரோடும்

இன்னைக்கு எபிசோடை நான் செஞ்ச ஒரு தப்பில இருந்து ஆரம்பிக்கறேன்.

எங்க ஊரு ராசிபுரம். வீட்டுல ஒரு 1986 மாடல் பிரீமியர் பத்மினி இருக்கு. அப்பா வாங்கினது. ஆறு வருஷம் ஷெட்டுலயே கிடந்துச்சு. நான் சென்னையில வேலை பார்க்கறேன். வீடியோ பார்த்துப் பார்த்து பழைய கார் மேல ஆசை வந்த ஆளு. அதுல இருந்த சோலெக்ஸ் கார்புரேட்டரைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு, ரெண்டு பேரல் உள்ள பெரிய கார்புரேட்டர் ஒண்ணை வாங்கி மாட்டினேன். வாசல்ல நிறுத்தி ஆக்சிலரேட்டர் கொடுத்தா சத்தம் அருமையா இருந்துச்சு. அப்பாவை முன் சீட்டுல உட்கார வெச்சு ஏற்காட்டுக்குக் கிளம்பினேன்.

சேலத்துல இருந்து மேல ஏற 20 கொண்டை ஊசி வளைவு. பாதி வழியில ஒரு வளைவு. முதல் கியர்ல திரும்பி, ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சேன். இன்ஜின் ஒரு தடவை திணறி அப்படியே நின்னுடுச்சு. பின்னாடி பஸ். பிரேக்கை மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டேன். ஹேண்ட் பிரேக் சரியா நிக்கல. 72 வயசு அப்பா இறங்கிப் போய் டயருக்கு அடியில கல்லு வெச்சார். வீட்டுக்கு வந்ததும் ஒண்ணுதான் சொன்னார்: "இனி இந்த வண்டியில நான் ஏற மாட்டேன்."

அடுத்த வாரம் நாமக்கல்ல லாரிப் பட்டறைகள் இருக்கற பக்கம் ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். பெட்ரோல் வண்டி வேலை தெரிஞ்சவர். பானெட்டைத் திறந்து பார்த்துட்டுச் சிரிச்சார். "ஏன் கண்ணு, பேரனுக்குத் தாத்தா சட்டைய மாட்டி வுட்டுட்டீங்களே?"

இன்ஜினுக்கு எவ்வளவு காத்து வேணும்?

கணக்கு சுலபம். பத்மினி இன்ஜின் 1089 சிசி. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை தன் முழுக் கொள்ளளவுக்குக் காத்து இழுக்கும். 5000 ஆர்பிஎம்னா நிமிஷத்துக்கு சுமார் 2700 லிட்டர். நிஜத்துல முழுசா நிரம்பாது, 80 சதவீதம்னு வெச்சா 2200 லிட்டர். அவ்வளவுதான் இந்த இன்ஜினோட மூச்சு. நான் மாட்டினது இதைவிட ரொம்பப் பெரிய இன்ஜினுக்கானது.

பெருசா இருந்தா நல்லதுதானேன்னு நானும் நினைச்சேன். தோட்டத்துல தண்ணி பாய்ச்சற ஹோஸ் வாயில கட்டை விரலை வெச்சு அழுத்தினா தண்ணி வேகமாப் பீச்சும் இல்லையா? கார்புரேட்டர் உள்ள இருக்கற இடுக்கான பகுதியும் அப்படித்தான் காத்தை வேகமாக்குது. வேகமான இடத்துல காத்தழுத்தம் குறையும். அந்த இழுப்புலதான் பெட்ரோல் ஜெட் வழியா மேல வந்து பொடிப்பொடியாச் சிதறும். இடுக்கு பெருசானா, குறைஞ்ச ஆர்பிஎம்ல காத்து சோம்பலாப் போகும், பெட்ரோல் வராது. வளைவுல முழுசா மிதிச்சப்போ காத்து மட்டும் போயிருக்கு, பெட்ரோல் போகல. அதான் திணறல்.

அதனால பழைய சோலெக்ஸையே திரும்ப மாட்ட முடிவு பண்ணினோம். அந்தக் காலத்துல சென்னையிலயே தயாரான பொருள் இது. மாட்டறதுக்கு முன்னாடி பெரியவர் த்ராட்டில் ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தார். அது தேஞ்சு ஆடினா அந்த வழியா காத்து புகுந்துடும், அப்புறம் எந்த ஸ்குரூவைத் திருப்பியும் பிரயோஜனமில்ல. சில பேர் மாருதி 800 கார்புரேட்டரை அடாப்டர் தட்டு வெச்சு மாட்டறாங்க. ஓடும். ஆனா அது 796 சிசிக்கானது, ஜெட் பார்த்து மாத்தணும்.

செட் பண்ற வரிசை

கார்புரேட்டரைக் கடைசியாத்தான் தொடணும். முதல்ல டேப்பெட், அடுத்து பாயிண்ட் இடைவெளி, அப்புறம் டைமிங். காத்து எங்கயும் லீக் ஆகக் கூடாது. ஃபுளோட் லெவல் சரியா இருக்கணும்.

இன்ஜின் நல்லா சூடானதும் மிக்சர் ஸ்குரூ. மெதுவா உள்ள முட்டற வரைக்கும் திருப்பி, ஒன்றரைச் சுத்து வெளிய எடுத்து ஸ்டார்ட் பண்ணுங்க. கொஞ்சம் கொஞ்சமா உள்ள திருப்பினா இன்ஜின் தடுமாறும். அங்க இருந்து வெளிய எடுத்துட்டே வந்தா ஒரு இடத்துல சீராகி வேகம் கூடும். அங்க நிறுத்தி, ஐடிலிங்கை இறக்குங்க. பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு ப்ளக்கைக் கழட்டிப் பாருங்க. வெளிர் பழுப்பு சரி. கருகரிசல்னா பெட்ரோல் அதிகம். வெள்ளைன்னா குறைவு, வால்வு எரியற ஆபத்து.

இங்கதான் இன்னொரு விஷயம். 2022-ல நம்ம பெட்ரோல்ல எத்தனால் 10 சதவீதம், 2025-ல 20 சதவீதம். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20 கலவைக்கு சுமார் 13.5. அதாவது அதே ஜெட்டோட ஓட்டினா 8 சதவீதம் போல எரிபொருள் குறையுது. என் கார்ல மெயின் ஜெட் 120, அதாவது 1.20 மில்லிமீட்டர் துளை. 125 போட்டா துளையோட பரப்பு சுமார் 8.5 சதவீதம் கூடும். ஒரே ஒரு படி ஏத்தினோம், கணக்கு சரியாப் போச்சு.

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்க காத்து லேசு, கலவை கொஞ்சம் கெட்டியாகும், இழுவை குறையும். பரவாயில்ல. நாம ஓட்டறது தரையில, அதனால சேலம் வெயிலுக்குத்தான் செட் பண்ணணும். மேல போய் செட் பண்ணிட்டு இறங்கினா கீழ பெட்ரோல் பத்தாமப் போயிடும்.

இந்த எபிசோட்ல நீங்க ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கணும்னா இது: பழைய பெட்ரோல் ஹோஸை முதல்ல மாத்துங்க. எத்தனாலுக்குப் பழைய ரப்பர் தாங்காது, ஊறி வெடிக்கும். என் வண்டியில அது சூடான மேனிஃபோல்டுக்கு மேலயே கசிஞ்சுட்டு இருந்துச்சு. அன்னைக்கு மலையில வண்டி நின்னது மட்டும்தான் நடந்துச்சு. தீப்பிடிச்சிருக்கலாம். எத்தனால் தாங்கற ஹோஸ், நல்ல கிளிப், வண்டிக்குள்ள ஒரு தீயணைப்பான். மொத்தச் செலவு நான் வாங்கின பெரிய கார்புரேட்டர் விலையில கால்வாசி கூட இல்ல.

போன மாசம் அப்பாகிட்ட சாவியைக் கொடுத்தேன். எதுவும் பேசல. பானெட்டைத் திறந்து குனிஞ்சு மோந்து பார்த்தார். "பெட்ரோல் வாசம் இல்ல"ன்னார். அப்புறம் அவரே ஓட்டினார், நாமக்கல் வரைக்கும்.

அந்தப் பெரிய கார்புரேட்டர் இப்போ என் மேஜை மேல பேப்பர் வெயிட்டா இருக்கு. அடுத்த எபிசோட்ல பிரேக் பத்திப் பேசுவோம். ஹேண்ட் பிரேக்ல இருந்தே ஆரம்பிக்கறேன்.