கூடி எழுதும் நாவல்

ஒரு நாவலைப் பலர் கூடி எழுத முடியுமா? இணையம் வந்த பிறகு இந்த ஆசை பெருகியிருக்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத பத்துப் பேர், ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்கி எழுதிக்கொண்டு போகிறார்கள். இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளுகிறவர்கள் உண்டு. நான் இதைக் கலை என்றே மதிக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும்: முன்னால் எழுதியவரின் எழுத்தைப் பின்னால் வருபவர் அழிக்கக்கூடாது.

நம் இரட்டைப் புலவர்களை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கால் வராது. ஒருவர் வெண்பாவின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர் பின்பாதியை முடிப்பார் என்பது வழிவழியாக வரும் செய்தி. தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் பாடியவை. முன்னவர் எடுத்த எதுகை பிடிக்கவில்லை என்று பின்னவர் மாற்ற முடியாது. சொன்ன அடி சொன்னதுதான். அதற்குள் நின்றுகொண்டே, முன்னவர் நினைத்திராத பொருளுக்குப் பாட்டைக் கொண்டுபோக வேண்டும். கேட்பவருக்கு ருசி அங்கேதான்.

1931-இல் இங்கிலாந்தில் 'தி ஃப்ளோட்டிங் அட்மிரல்' என்றொரு துப்பறியும் நாவல் வந்தது. செஸ்டர்டன், டொரதி சேயர்ஸ், அகதா கிறிஸ்டி உட்பட 14 பேர் எழுதியது. முந்தைய அத்தியாயங்கள் போட்ட முடிச்சு எதையும் அடுத்து வருபவர் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது. குற்றவாளி யார் என்று தன் மனதில் ஒரு விடையோடுதான் எழுதவும் வேண்டும். கடைசி அத்தியாயம் எழுதிய ஆந்தனி பெர்க்லிக்கு எத்தனை தலைவலி இருந்திருக்கும்! இருந்தும் புத்தகம் இன்றும் அச்சில் இருக்கிறது.

2007-இல் பெங்குவின் பதிப்பகம், டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 'எ மில்லியன் பெங்குவின்ஸ்' என்ற முயற்சியை இணையத்தில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் திருத்தலாம். ஐந்து வாரத்தில் சுமார் 1,500 பேர் கைவைத்தார்கள். பாத்திரங்கள் பெருகின. ஒருவர் கதை நெடுக வாழைப்பழத்தைத் திணித்தார். நாவலாக அது தேறவில்லை. ஆள் கூடிப்போனதால் கெட்டது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேற்று எழுதிய வரி நாளை இருக்குமா என்று தெரியாதபோது யார் அதற்குப் பொறுப்பேற்று எழுதுவார்கள்?

திண்டுக்கல் சீமையில் கூடி எழுதும் நாவலை முயன்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். நாவல் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வத்தலக்குண்டில் 1872-இல் பிறந்த ராஜம் ஐயர், 'கமலாம்பாள் சரித்திர'த்தை 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் தொடராக எழுதினார். எழுத்தாளர்கள் பி.எஸ். ராமையாவும் சி.சு. செல்லப்பாவும் அதே ஊரோடு தொடர்புள்ளவர்கள். ராஜம் ஐயரின் நாவல் பின்பகுதியில் ஊர்வம்பை விட்டுவிட்டு நாயகன் முத்துஸ்வாமி ஐயரின் ஆன்மத் தேடலுக்குள் போய்விடும். அதைப் பத்துப் பேர் கூடி எழுதியிருக்க முடியாது. ஒரு மனம் தனக்குள் இறங்கிப் போகும் கதைக்கு ஒரு கைதான் வேண்டும். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஒரு சீமையின் கதை வேறு. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டுக்குள் லீவர் எப்படி விழும், சாவியை அரத்தால் எவ்வளவு ராவ வேண்டும் என்பது பட்டறைக்காரருக்குத் தெரியும். நிலக்கோட்டையில் விடியுமுன் மல்லிகைக்கு விலை ஏறி இறங்குவது பூ வியாபாரிக்குத் தெரியும். ஒட்டன்சத்திரத்தில் கேரளத்துக்குப் போகும் லாரியில் காய்கறி ஏற்றுபவர், சின்னாளபட்டித் தறிக்காரர், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர், இவர்கள் எல்லோர் வாழ்க்கையையும் உள்ளிருந்து அறிந்த ஒரே எழுத்தாளர் எங்கே இருக்கிறார்? கூடி எழுதுவதன் உண்மையான லாபம் இதுதான். பத்திரிகைத் தொடருக்காகப் பிரபல எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதுவதைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆறேழு பேர் போதும். ஆளுக்கு ஓர் அத்தியாயம், ஒரு மாதம் அவகாசம். பேச்சுவழக்கு ஆளுக்கு ஆள் மாறினால் மாறட்டும், அதைச் சமன் செய்ய வேண்டாம். பெயர், வயது, தேதி முட்டாமல் பார்த்துக்கொள்ள மட்டும் ஒருவர் இருக்கட்டும். முதல் அத்தியாயத்தை யாரிடம் கொடுப்பது என்று கேட்டால், பூட்டுப் பட்டறைக்காரரிடம் கொடுங்கள் என்பேன்.