முகாமுக்குப் போன பிள்ளை: சூசைமாணிக்கம் வழக்கு கேட்க வைக்கும் கேள்விகள்

ஜெலுத்தோங் என்றதும் பினாங்கில் மூத்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் மறைந்த கர்ப்பால் சிங். 1978 தொடங்கி 1999 வரை இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். 'ஜெலுத்தோங் புலி' என்ற பெயர் நாடாளுமன்றத்தில் சாமிவேலுவோடு நடந்த சொற்போரில் பிறந்தது. சாமிவேலு சிங்கமாக இருந்துவிட்டுப் போகட்டும், தாம் புலியாக இருக்கலாம், ஏனென்றால் இந்த நாட்டில் சிங்கம் கிடையாது என்றாராம் கர்ப்பால். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் நீதிமன்றத்தில் அவரும் அவர் பிள்ளைகளும் எடுத்த வழக்குகள் பல சிரிப்புக்கு உரியவை அல்ல. "எங்கள் பிள்ளை எப்படி இறந்தான்?" என்று கேட்டுக்கொண்டு வரும் குடும்பங்களின் வழக்குகள் அவை. இன்றைய தலைப்பும் அதுதான்.

2018ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் தேதி நாட்டில் பொதுத் தேர்தல். 60 ஆண்டுக்கு மேல் ஆண்ட கூட்டணி தோற்றது. ஊரெல்லாம் அதே பேச்சு. அந்தப் பரபரப்பில், பத்து நாள் கழித்து மே 19ஆம் தேதி, லுமுட் கடற்படைத் தளத்தில் ஓர் இளைஞர் இறந்தது பலர் கண்ணில் படவில்லை. பெயர் ஜெ. சூசைமாணிக்கம். வயது 27. கடற்படை அதிகாரியாக வேண்டும் என்ற எண்ணத்தோடு கேடி சுல்தான் இட்ரிஸ் 1 பயிற்சி மையத்தில் சேர்ந்தவர். பயிற்சி தொடங்கி எட்டே நாள். நல்ல உடலோடு வாசலுக்குள் போன பிள்ளை, இரண்டாவது வாரம் முழுதாக முடிவதற்குள் சவமாகத் திரும்பி வந்தார்.

இந்தியப் பிள்ளைகள் படையில் சேருவதில்லை என்ற குறை நம் நாட்டில் அடிக்கடி கேட்பது. அமைச்சர்கள் சொல்வார்கள், சங்கங்களும் சொல்லும். சேர்ந்த ஒரு பிள்ளை இறந்தபோது காரணம் சொல்ல எத்தனை ஆண்டு ஆனது என்று பார்த்தால், அந்தக் குறைக்கான விடையில் ஒரு பகுதி அங்கேயே கிடைக்கும்.

ஈப்போவில் மரண விசாரணை நீதிமன்றம் இந்த வழக்கை விசாரித்துத் 'திறந்த தீர்ப்பு' வழங்கியது. திறந்த தீர்ப்பு என்றால் என்ன? இயற்கை மரணம் என்றும் சொல்ல முடியவில்லை, விபத்து என்றும் சொல்ல முடியவில்லை, யாரோ செய்தது என்றும் சொல்ல முடியவில்லை, கைவசம் உள்ள சாட்சியத்தை வைத்து ஒன்றையும் உறுதி செய்ய இயலாது என்று பொருள். நீதிமன்றத்தைப் பொறுத்தவரை அது ஒரு முடிவுதான். பெற்றவர்களைப் பொறுத்தவரை ஒன்றும் முடியவில்லை.

குடும்பம் அதோடு விட்டுவிடவில்லை. உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஜூலை இறுதியில் ஈப்போ உயர்நீதிமன்றம் அந்தத் திறந்த தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. இளைஞருக்கு உரிய மருத்துவ கவனிப்பு கிடைக்காமல் போனதற்குக் குற்றவியல் தன்மை கொண்ட அலட்சியமே காரணம், இது மனிதரால் விளைந்த மரணம் என்று தீர்ப்பாயிற்று. இறந்தது 2018இல், காரணம் தெரிந்தது 2025இல். ஏழு ஆண்டு.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். மனிதரால் விளைந்த மரணம் என்றால் உடனே 'கொலை' என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. கொலைக்குக் கொல்லும் எண்ணம் வேண்டும். எண்ணமே இல்லாமல், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டு ஒருவர் இறந்தாலும் அதற்கு மனிதரே காரணம். நம் குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டுச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மரண விசாரணை நீதிமன்றம் யாரையும் தண்டிக்காது. யார் இறந்தார், எங்கே, எப்போது, எவ்வாறு, அதில் யாருக்கும் குற்றப் பங்கு உண்டா என்று மட்டுமே அது கண்டறியும். அதற்குமேல் வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்பது சட்டத்துறைத் தலைவர் கையில். பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். தீர்ப்பு வந்துவிட்டதே, யாரைப் பிடித்தார்கள் என்று கேட்பார்கள்.

சரி, முகாமில் ஒருவர் இறந்தால் மரண விசாரணை தானாக நடக்குமா? நடக்காது. இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334ஆவது பிரிவு சில இடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: போலீஸ் காவல், மனநல மருத்துவமனை, சிறைச்சாலை. அங்கே இறந்தால் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும், போலீஸ் காவலில் நேர்ந்த மரணம் என்றால் விசாரணை நடந்தாக வேண்டும். இராணுவ முகாம் அந்தப் பட்டியலில் இல்லை. போலீஸ் காவலில் இருப்பவருக்கும் பயிற்சி முகாமில் இருப்பவருக்கும் நடைமுறையில் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள். முகாமில் இருப்பவர் தன் விருப்பப்படி வாசலைத் தாண்ட முடியாது. உடம்பு சரியில்லை என்று தானே ஒரு கிளினிக்குக்கு நடந்து போக முடியாது. எப்போது எழுவது, எவ்வளவு ஓடுவது, எப்போது தண்ணீர் குடிப்பது என்பதை எல்லாம் இன்னொருவர் முடிவு செய்கிறார். நோய் என்று சொன்னால் அதை நம்புவதா, 'நடிக்கிறான்' என்று சொல்வதா என்பதும் அவர் முடிவு. தானே விரும்பிச் சேர்ந்தவர் என்ற ஒரே காரணத்துக்காகச் சட்டம் அவரைச் சுதந்திர மனிதராகக் கணக்கில் வைத்திருக்கிறது. இந்த ஓட்டையை நாடாளுமன்றம் அடைத்திருக்க வேண்டும், எப்போதோ அடைத்திருக்க வேண்டும்.

அடுத்தது சவப்பரிசோதனை. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா, தைப்பான் போலீஸ் நிலையத்தில் இறந்த ஏ. குகன் வழக்கு நம் மக்களுக்கு மறந்திருக்காது. செர்டாங் மருத்துவமனையில் நடந்த முதல் சவப்பரிசோதனை, நுரையீரலில் நீர் கோர்த்ததே காரணம் என்றது. குடும்பம் ஒத்துக்கொள்ளவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இரண்டாவது பரிசோதனை நடந்தது. உடம்பெங்கும் அடிபட்ட காயங்கள், சிதைந்த தசையிலிருந்து வந்த கழிவு சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது என்பது அதில் வெளிவந்தது. ஒரே உடல், இரண்டு அறிக்கை. நுரையீரலில் நீர் கோர்ப்பது பலவித மரணங்களில் கடைசிக் கட்டத்தில் நடப்பது. அது எதனால் நடந்தது என்று கேட்காமல் அதையே காரணமாக எழுதினால், மூச்சு நின்றதால் இறந்தார் என்று எழுதுவதற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

இதில் தசை சிதைவது என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். அடித்தால்தான் தசை சிதையும் என்பதில்லை. பழக்கமில்லாத உடலை நாள்கணக்கில் வெயிலில் ஓடவும் தவழவும் வைத்தாலும் அது நடக்கும். சிறுநீர் கறுத்துக் கோப்பி நிறத்தில் போகும். உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டினால் மூளை தடுமாறும், பேச்சுக் குழறும், பார்ப்பவருக்கு அது பிடிவாதம் மாதிரித் தெரியும். அந்த நேரத்தில் உடனே குளிர்ந்த நீரில் இறக்கிச் சூட்டைத் தணித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். தணிக்காமல் 'எழுந்து நில்' என்று சொன்னால் உயிர் போகும். சேற்றிலும் ஓடையிலும் பயிற்சி என்றால் எலிக்காய்ச்சல் வேறு. கிருமி உடம்பில் புகுந்து காய்ச்சல் காட்ட இரண்டு நாளிலிருந்து ஒரு மாதம் வரை ஆகலாம். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் மருந்து உண்டு, விலை அதிகமில்லாத சாதாரண நுண்ணுயிர்க்கொல்லிதான். காய்ச்சல் கண்ட பையனை அன்றே மருத்துவரிடம் காட்டினார்களா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஷா ஆலாமில் 2009 ஜூலை 16ஆம் தேதி இறந்து கிடந்த தியோ பெங் ஹோக்கின் வழக்கும் இதே பாதையில் போனது. ஊழல் தடுப்பு ஆணைய அலுவலகத்துக்குச் சாட்சியாகப் போனவர். 2011 ஜனவரியில் மரண விசாரணை திறந்த தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு அரச விசாரணை ஆணையம், நெருக்குதலால் தற்கொலை செய்துகொண்டார் என்றது. 2014 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் திறந்த தீர்ப்பை ரத்து செய்து, பெயர் அறியப்படாதவர்களின் சட்டவிரோதச் செயலால் மரணம் நேர்ந்தது என்றது. அந்தக் குடும்பத்துக்காக வாதாடியவர்களில் கர்ப்பாலின் மகன் கோவிந்த் சிங் டியோவும் ஒருவர். சூசைமாணிக்கம் வழக்கில் திறந்த தீர்ப்பு மாறியபோது, சட்டம் தெரிந்தவர்கள் பலருக்கு இந்த வழக்குதான் நினைவுக்கு வந்திருக்கும்.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். இது கொஞ்சம் கசப்பானது. நம் மக்கள் இறந்தவரை மறுநாளே எடுத்துவிட வேண்டும் என்று நினைப்பார்கள். ஜெலுத்தோங்கில் ஒரு சாவு என்றால் பக்கத்தில் பத்து லஞ்சாங் சுடலை. மதியம் இரண்டு மணிக்கு எடுப்பு, மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடும். வயதாகிப் போனவருக்கு அது சரி. காரணம் தெரியாமல் இறந்த இளைஞனுக்கு அது சரியா? 2025 ஜூலை 28ஆம் தேதி ஜொகூர் உலு திராமில் இராணுவப் பயிற்சியின்போது இறந்த மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் சம்சுல் ஹாரிஸ் அடக்கம் செய்யப்பட்டவர். தாய்க்குச் சந்தேகம் தீரவில்லை. அடுத்த மாதமே கல்லறையைத் தோண்டி உடலை எடுத்து இரண்டாவது சவப்பரிசோதனை செய்ய முடிந்தது. எரித்திருந்தால்? சாம்பலை எந்த மருத்துவரும் பரிசோதிக்க முடியாது. குகன் குடும்பத்தார் உடலை உடனே சுடலைக்குக் கொண்டுபோகாததால்தான் இரண்டாவது அறிக்கையே கிடைத்தது. சடங்கைக் குறை சொல்லவில்லை. இரண்டு மூன்று நாள் பொறுத்தால் இறந்தவருக்குக் குற்றம் வந்துவிடாது. வீட்டுப் பெரியவர்கள் இதை அழுகை நேரத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றவர்கள் அப்போது யோசிக்கும் நிலையில் இருக்க மாட்டார்கள்.

போலீஸ் புகாருக்காக லுமுட்டுக்கோ ஜொகூருக்கோ ஓட வேண்டியதில்லை. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் ஜெலுத்தோங் போலீஸ் நிலையத்திலேயே புகார் செய்யலாம், வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். புகாரில் 'மரணத்தில் சந்தேகம் உள்ளது' என்ற வரி இருக்க வேண்டும். பிள்ளை கடைசியாக அனுப்பிய செய்திகள், குரல் பதிவுகள் கைப்பேசியில் இருந்தால் அழிக்கக்கூடாது. திருப்பித் தரப்பட்ட உடுப்பைத் துவைக்கக்கூடாது. தாய்மார்கள் கண்ணீரோடு செய்யும் முதல் வேலையே அந்தத் துவையல்தான், பாவம்.

பணம் சம்பந்தப்பட்ட இன்னொன்று. அரசாங்கத்தின் மீது இழப்பீட்டு வழக்குப் போட 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாதம்தான் கொடுக்கிறது. மரண விசாரணை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கும் குடும்பத்துக்கு என்ன ஆகும்? சூசைமாணிக்கத்துக்கு என்ன நடந்தது என்று நீதிமன்றம் சொன்னது ஏழாவது ஆண்டில். 36 மாதம் 2021 மே மாதத்தோடு முடிந்துவிடும். காரணம் தெரிவதற்கு முன்பே கதவு மூடிக்கொள்ளும் சட்டம் இது. ஆகவே விசாரணைக்குக் காத்திராமல் முதல் ஆண்டிலேயே ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. வசதியில்லாதவர்கள் சட்ட உதவி மையத்தை நாடலாம்.

படைக்கு ஆள் வேண்டும், கடுமையான பயிற்சியும் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. பயிற்சியே கூடாது என்று வாதிடுபவர்கள், கடலில் காவல் காக்கப் போகிறவனுக்கு நீச்சல் எதற்கு என்று கேட்பவர்களைப் போன்றவர்கள். 2004இல் தொடங்கிய தேசிய சேவைப் பயிற்சி 2018இல் நிறுத்தப்பட்டு, 2025 ஜனவரியில் 45 நாள் பயிற்சியாக மீண்டும் வந்திருக்கிறது. அதில் போகிறவர்கள் விரும்பிச் சேர்ந்த படைவீரர்கள்கூட அல்ல, அழைப்புக் கடிதம் வந்ததால் போகிற வீட்டுப் பிள்ளைகள். ஆக, இது ஓர் ஈப்போ வழக்கு, ஒரு கடற்படைக் குடும்பத்தின் வழக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

பிள்ளையை முகாம் வாசலில் இறக்கிவிடும் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டியது ஒரு துண்டுத் தாள். முகாம் மருத்துவ அதிகாரியின் பெயர், தொலைபேசி எண், அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது, உடம்பு சரியில்லை என்று பிள்ளை சொன்னால் அதை யார் எந்தப் பதிவேட்டில் எழுதுவார். கொடுக்க மறுத்தால், மறுத்தவரின் பெயரையும் தேதியையும் அதே தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.