நீர் நிரப்பிச் சோதிப்போம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அறிவியல் கண்காட்சிக்காக என் எட்டாம் வகுப்பு மாணவர்கள் பிளாஸ்டிக் பாட்டிலில் நீர்மூழ்கி மாதிரி ஒன்று செய்தார்கள். ஒட்டிய மூடி கசிகிறதா என்று பார்க்க, சைக்கிள் பம்பால் உள்ளே காற்றடிக்கத் தொடங்கினார்கள். ஓடிப்போய்த் தடுத்தேன். "ஏன் மிஸ், காத்துதானே?" என்றான் ஒருவன். நியாயமான கேள்வி.

அவனுக்கு நம் பகுதியிலிருந்தே விடை சொன்னேன். எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் 2025 தொடக்கத்தில் 'மத்ஸ்யா 6000' நீரில் இறக்கிச் சோதிக்கப்பட்டது. பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிவரும் ஆழ்கடல் கலம் அது. மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்வதே நோக்கம். பத்து மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அந்த ஆழத்தில் ஒரு விரல் நகத்தின் பரப்பில் சுமார் 600 கிலோ அழுத்தும்.

இத்தகைய கலத்தின் பாகங்களைக் கரையிலேயே கனத்த எஃகுக் கலனுக்குள் வைத்து, நீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றிச் சோதிக்கிறார்கள். அந்தக் கழகத்தில் 900 பார் வரை அழுத்தம் தரும் கலன் உள்ளது.

ஏன் நீர்? காற்று சுருங்கும்போது வில்லைப் போல ஆற்றலைச் சேர்த்துக்கொள்கிறது. சுவர் விரிந்தால் அத்தனையும் ஒரே நொடியில் வெடித்து வெளிப்படும். நீரோ 600 மடங்கு அழுத்தத்திலும் நூற்றில் மூன்று பங்குகூடச் சுருங்காது. சிறிது கசிந்ததுமே அழுத்தம் இறங்கிவிடும். அதனால்தான் கலனில் காற்றுக்குமிழி தங்காமல் முதலில் வெளியேற்ற வேண்டும்.

ஆனால் சோதிக்கப்படும் பொருளே உள்ளீடற்றதாக இருந்தால் ஆபத்து மீண்டும் வருகிறது. அது நசுங்கினால் நீர் அந்த வெற்றிடத்துக்குள் பாய்ந்து, அதிர்வலை கலனின் சுவரைத் தாக்கும். ஆகவே உள்ளே காலியிடத்தை இயன்றவரை குறைக்க வேண்டும். கலனின் வலிமையிலும் தாராளம் வேண்டும். அழுத்தம் ஏறும்போது அருகில் ஆள் நிற்கக் கூடாது.

2023 ஜூனில் டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காணச் சென்ற 'டைட்டன்' நசுங்கி ஐவர் இறந்தனர். தனித்த அமைப்பு எதனிடமும் தரச்சான்று பெறாத கலம் அது. சோதனையில் உடையாதது கடலில் உடைந்தால் திருத்திக்கொள்ள வாய்ப்பில்லை.

வீட்டு எரிவாயு சிலிண்டரின் மேற்பகுதியில் ஓர் எழுத்தும் ஆண்டும் இருப்பதை மாணவர்களைப் பார்த்துவரச் சொல்லுங்கள். அடுத்த சோதனைக்கான காலாண்டும் ஆண்டும் அவை. அங்கும் நீர் நிரப்பித்தான் சோதிக்கிறார்கள். 'விசையும் அழுத்தமும்' பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

அன்று என் மாணவர்கள் பாட்டில் நிறைய நீர் நிரப்பி, மூடி, கையால் அழுத்தினார்கள். மூடியின் ஓரத்தில் இரண்டு சொட்டு எட்டிப் பார்த்தது. கசியும் இடம் தெரிந்தது, யாருக்கும் காயமில்லை.