ரசீது கேட்போம்
(பங்காருபாளையம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாடகைக்கு வீடு என்று பலகை தொங்குகிறது. விசாரித்தால் முதல் கேள்வி, “நீங்க என்ன ஆளுங்க?” அடுத்தது, “கறி சமைப்பீங்களா?” தெலுங்கில் கேட்பவரும் உண்டு, நல்ல தமிழிலேயே கேட்பவரும் உண்டு! 1911 வரை சித்தூர்தான் வடஆற்காட்டின் தலைநகரம். ஆகவே இதை மொழிச் சண்டையாக்கி நாம் ஏமாந்துவிடக் கூடாது. குவார்ட்டர்ஸ் கிடைக்காத ரயில்வே குமாஸ்தாக்களான எங்களுக்கும் இதே கதிதான்.

அட்வான்ஸைப் பாருங்கள். 1960-ஆம் ஆண்டு ஆந்திர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. 2021-இல் மத்திய அரசின் மாதிரிச் சட்டம் அதை 2 மாதமாக்கியது. நம்மிடம் கேட்பதோ 5 மாதம், 6 மாதம்! பத்திரம் மட்டும் ஏன் 11 மாதத்துக்கு? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும், அதைத் தவிர்க்கத்தான். 12-ஆம் மாதம் வாடகை ஏறும், இல்லையேல் சட்டி பானை தெருவுக்கு வரும். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மாறும்.

பல வீடுகளில் அந்தத் தாளும் இல்லை, ரசீதும் இல்லை. கொடுத்த பணத்துக்குச் சாமிதான் சாட்சி.

ஒருவர் ரசீது கேட்டால் காலி செய் என்பார்கள். ஆகவே ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரே நாளில் கேட்போம். ஞாயிறு மாலை தாள்களைக் கொண்டு வாருங்கள். படித்துச் சொல்லச் சங்கத்தில் ஆள் உண்டு.