வாணலி எண்ணெயும் வண்டி எண்ணெயும்

புனே நகரத்தின் கிழக்கே, இரயில் பாதையை ஒட்டி, கோர்படி என்னும் பகுதி இருக்கிறது. ஒரு புறம் இராணுவக் குடியிருப்புகள். மறு புறம் டீசல் எஞ்சின்களைப் பழுது பார்ப்பதற்கென்றே எழுந்த பெரிய இரயில்வே பணிமனை. இங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடி, கடையில் வாங்காத எரிபொருளைத் தாமே காய்ச்சி எடுக்க முயலும் ஒரு சிறு கூட்டத்தைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே நாங்கள். ஆகையால் கேள்விப்பட்டதைக் காட்டிலும், கையைச் சுட்டுக்கொண்டு கற்றதையே மிகுதியாகச் சொல்லப் போகிறோம்.

நாங்கள் நான்கு பேர். ஒருவர் இரயில்வேயில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் பள்ளியில் இரசாயனம் கற்பிப்பவர். ஒருவர் பலகாரக் கடை நடத்துபவர். நான்காவது இடம் மத்திய அரசாங்க மொழிபெயர்ப்பாளருடையது. கலைப் பட்டதாரிக்கு எண்ணெய்ப் பீப்பாயின் அருகில் என்ன வேலை என்று கேட்கலாம். கணக்கு எழுதுவதும், அரசாங்க அறிவிக்கைகளைப் படித்து மற்றவர்களுக்குப் பொருள் சொல்வதும் அவர் பங்கு. அந்தப் பங்கு சிறிதன்று என்பது பின்னால் விளங்கும்.

தாவர எண்ணெயில் எஞ்சின் ஓடுவது புதுமையன்று. 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில், ருடால்ப் டீசல் கண்டுபிடித்த வகையைச் சேர்ந்த எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிற்று. பிரெஞ்சு அரசாங்கம் அதில் ஆர்வம் காட்டியதற்குக் காரணம் இருந்தது. அவர்களுடைய ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் கடலை மிகுதியாக விளைந்தது. நம் தென்னார்க்காட்டு மணிலாக்கொட்டையுங்கூட அந்நாளில் புதுச்சேரி வழியாக மார்சேய்த் துறைமுகத்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. 1937-இல் பெல்ஜியத்தில் ஷவான் என்பவர் தாவர எண்ணெயைச் சாராயத்தோடு வினைபுரியச் செய்து இளக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கு வேண்டிய பனையெண்ணெய் பெல்ஜியத்தின் பிடியில் இருந்த காங்கோவிலிருந்து வந்தது. ஆக, எரிபொருள் ஆராய்ச்சி தோன்றிய நாளிலிருந்தே அரசியல் அதன் கூடவே நடந்து வந்திருக்கிறது.

நம் நாட்டிலும் இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பஸ்களின் பின்புறத்தில் உருளை அடுப்பைப் பொருத்தி, மரக்கரியைப் புகையவிட்டு, அதில் பிறந்த வாயுவினால் வண்டியை ஓட்டினார்கள். மேட்டில் ஏறும்போது பிரயாணிகள் இறங்கித் தள்ளிய கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் அடுப்புகள் கழற்றப்பட்டன. தட்டுப்பாட்டில் நினைவுக்கு வருவதும், தாராளத்தில் மறந்துபோவதுமே மாற்று எரிபொருளின் தலையெழுத்தாக இருந்து வருகிறது.

இனி எங்கள் பீப்பாய்க்கு வருவோம். வாணலியில் எஞ்சிய எண்ணெய் டீசலை விட மிகவும் கெட்டியானது. அப்படியே ஊற்றினால் எஞ்சினின் நுண்ணிய துளைகளில் கரி படியும். எனவே எண்ணெயை வடிகட்டி, ஈரம் போகக் காய்ச்சி, அதன் அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெதனாலில் சிறிது காஸ்டிக் சோடாவைக் கரைத்துச் சேர்த்து, இளஞ்சூட்டில் கலக்குகிறார்கள். எண்ணெயின் மூலக்கூறு பிரிந்து, கனமான கிளிசரின் அடியில் தங்குகிறது. மேலே நிற்கும் இளகிய திரவமே உயிரி டீசல். அதை நீரால் கழுவி, மறுபடியும் ஈரம் நீக்க வேண்டும். சொல்லும்போது ரசம் வைப்பதைப் போல எளிதாகத்தான் இருக்கிறது.

செய்து பார்த்தபோது ஆடி மாதம். புனேயில் மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. எண்ணெயிலும் ஈரம், காற்றிலும் ஈரம். பலமுறை பொரித்த எண்ணெயாதலால் அதில் அமிலமும் ஏறியிருந்தது. மறுநாள் காலையில் பீப்பாயைத் திறந்து பார்த்தால், எரிபொருளுக்குப் பதிலாகச் சோப்புக் கூழ் நிறைந்திருந்தது. பிட்டர் அதைத் துணி துவைக்கவும் கொடுக்க முடியாது, எஞ்சினுக்கும் கொடுக்க முடியாது என்றார். அடுத்த முறை திரவம் நன்றாகவே வந்தது. ஆனால் தை மாதத்து விடியற்காலையில், தேங்காயெண்ணெய் உறைவதைப் போல அது கலங்கிக் கெட்டிப்பட்டது. கடையில் பயன்படுத்தியது பாமாயில். அதிலிருந்து எடுத்த எரிபொருள் குளிர் தாங்காது. பிறகு ஒரு நாள் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் பழைய எஞ்சினின் ரப்பர்க் குழாய் ஊறி நைந்து போயிற்று. உயிரி டீசலுக்கு இயற்கை ரப்பரை இளக்கும் குணம் உண்டு என்பதை அன்று அறிந்தோம்.

இவையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய தவறுகள். சிரிக்க முடியாத தவறு ஒன்றும் நேர்ந்தது. மெதனால் தண்ணீரைப் போலவே தெளிவாக இருக்கும். ஒரு நாள் மீதியிருந்ததை எங்களில் ஒருவர் குடிநீர்ப் புட்டியில் ஊற்றித் திண்ணையில் வைத்துவிட்டார். விளையாடிக் களைத்து வந்த ஏழு வயதுக் குழந்தை அந்தப் புட்டியைத் திறந்து வாயருகே கொண்டு போயிற்று. பிட்டர் பாய்ந்து தட்டிவிட்டார். குழந்தை அழுதது, நாங்கள் பேச்சற்று நின்றோம். சில தேக்கரண்டி மெதனால் கண்பார்வையைப் பறிக்கப் போதும். இன்னும் சிறிது கூடினால் உயிரையே பறிக்கும். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டது மெதனால் கலந்த சாராயத்தினால்தான் என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். எரியும் சுடரோ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது. அன்று மாலை அந்தக் குழந்தையின் தாய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நாட்டைக் காப்பாற்றுகிறோம் என்கிறீர்கள்; முதலில் வீட்டைக் காப்பாற்ற வேண்டாமா?” எங்களிடம் பதில் இல்லை. மூன்று மாதம் பீப்பாய் கவிழ்ந்தே கிடந்தது.

அந்த மூன்று மாதமும் நாங்கள் கூடிப் பேசியது பெரும்பாலும் அரசியலே. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனையை நிறுத்தியபோது சில மாதங்களில் விலை நான்கு மடங்காயிற்று. இன்று நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எங்கோ ஒரு ஜலசந்தியில் கப்பல் தடைபட்டால் கோர்படிச் சந்தையில் வெங்காயத்தின் விலை ஏறுகிறது. “நாம் காய்ச்சும் ஒவ்வொரு லிட்டரும் அந்த விலங்கில் ஒரு கண்ணியை அறுக்கிறது” என்றார் ஆசிரியர். கேட்க நன்றாக இருந்தது.

கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்லிற்று. நம் சமையலெண்ணெயிலேயே பாதிக்கு மேல் இறக்குமதிதான். பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. சூரியகாந்தி எண்ணெய் உக்ரைன், ரஷ்யா முதலிய நாடுகளிலிருந்து வருகிறது. 2022-இல் உக்ரைன் போர் மூண்டபோது எண்ணெய் விலை ஏறிற்று. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. அந்த நாடு தன் டீசலில் பெரும்பங்கு பாமாயிலையே கலக்கிறது என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிய எண்ணெயைக் காய்ச்சி வண்டியோட்டினால், நாம் ஒரு துறைமுகத்தின் வாசலை விட்டு மற்றொரு துறைமுகத்தின் வாசலில் நிற்கிறோம், அவ்வளவே. உணவுக்கு உதவாத எண்ணெய் ஒன்றே இந்தக் கணக்கில் தேறுகிறது.

அரசாங்கமும் இதே எண்ணத்தில்தான் காட்டாமணக்கை நாடிற்று. 2002 டிசம்பர் 31 அன்று டில்லி–அமிர்தசரஸ் சதாப்தி இரயில் 5 சதவிகிதம் உயிரி டீசல் கலந்து ஓட்டப்பட்டது. 2009-இல் வெளியான தேசியக் கொள்கை, 2017-க்குள் 20 சதவிகிதக் கலப்பை இலக்காக வைத்தது. தரிசு நிலத்தில் தானே வளரும் என்று நம்பப்பட்ட செடி, நீரும் உரமும் இல்லாத இடத்தில் காய்க்கவில்லை. நீரும் உரமும் உள்ள இடத்தில் உழவர் வேறு பயிரை விட்டு அதை நடுவானேன்? டீசலில் உயிரி டீசலின் பங்கு 1 சதவிகிதத்தைக் கூட எட்டாமல் நின்றது. 2018-ஆம் ஆண்டின் கொள்கை இலக்கை 2030-க்குள் 5 சதவிகிதம் என்று தணித்துக்கொண்டது. பெட்ரோலில் எத்தனால் கலப்பதோ 2014-இல் 1.5 சதவிகித அளவிலிருந்து 2025-இல் 20 சதவிகிதத்துக்கு உயர்ந்துவிட்டது. ஆயினும் கரும்பு விளைச்சல் குறையும் என்று அஞ்சி, 2023 டிசம்பரில் கருப்பஞ்சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதை அரசாங்கமே கட்டுப்படுத்த நேர்ந்தது. வயலும் வாணலியும் வண்டியும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள் என்பதை இவை காட்டுகின்றன.

பீப்பாயை மறுபடியும் நிமிர்த்தியபோது மெதனாலுக்கு இரும்புப் பெட்டியும் பூட்டும் வந்தன. அதை வைத்துக்கொள்வதற்கான விதிகளை மொழிபெயர்ப்பாளர் வாசித்துக் காட்டினார். திறந்த வெளியில் அன்றி வேலை இல்லை என்றாயிற்று. குழந்தைகள் வேலியைத் தாண்டக்கூடாது என்பதற்குத் தாயார் காவலிருந்தார். எரிபொருளும் நன்றாகத் தேறிற்று. அப்போதுதான் எங்களுக்கு உண்மையான சோதனை வந்தது.

எங்கள் தெருவில் ஒரு டெம்போ ஓட்டுபவர் இருக்கிறார். மராத்தியர், கடன்பட்டு வண்டி வாங்கியவர். ஒரு மாலை அவர் பிட்டரிடம் வந்து, “காகா, டீசல் விலைக்கு நாள் முழுதும் ஓடியும் கையில் ஒன்றும் நிற்கவில்லை. உங்கள் எண்ணெயைப் பாதி விலைக்குக் கொடுங்கள். நீங்களும் பிழைக்கலாம், நானும் பிழைப்பேன்” என்றார். பலகாரக் கடைக்காரர் உடனே சம்மதித்தார். ஏழைக்கு உதவுவதில் என்ன தவறு என்று ஆசிரியரும் கேட்டார். மொழிபெயர்ப்பாளரும் பிட்டரும் கூடாது என்றோம். அன்றைய கூட்டம் மனக்கசப்போடு கலைந்தது.

மறுப்பின் காரணங்களை இரக்கமின்மை என்று எண்ணிவிடக்கூடாது. உயிரி டீசலுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 15607 என்னும் அளவுகோல் உண்டு. அதன்படி சோதிப்பதற்கு எங்களிடம் கருவிகள் இல்லை. வண்டிகளுக்கு விற்பதற்கு 2019 ஏப்ரலில் மத்திய அரசாங்கம் வகுத்த வழிமுறைகள் உண்டு. அவற்றை மொழிபெயர்க்கும்போது வறண்ட வாசகங்களாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு வாசகத்தின் பின்னும் யாரோ ஒருவருடைய பழுதான எஞ்சின் இருக்கிறது. மகாராஷ்டிரத்திலேயே 2011 ஜனவரி 25 அன்று, மன்மாட் அருகே எண்ணெய்க் கலப்படத்தைத் தடுக்கச் சென்ற கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனாவணே எரித்துக் கொல்லப்பட்டார். நம் தமிழ்நாட்டில் 1996-இல் மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுத்ததாக ஒருவர் சொன்னபோது நாடே வியந்தது, விஞ்ஞானிகள் ஏற்கவில்லை, செய்தி வழக்கில் போய் முடிந்தது. கலப்படக்காரரும் மாயக்காரரும் நுழைவது, சோதனையில்லாத விற்பனை என்னும் ஒரே வாசல் வழியாகத்தான். அந்த வாசலை நல்லெண்ணத்தோடு திறந்து வைத்தாலும், அது திறந்த வாசலே.

பிட்டர் டெம்போக்காரரிடம் தாமே போனார். “தம்பி, உன் வண்டியின் பம்பு கெட்டால் அதை மாற்றும் பணம் எங்களிடமும் இல்லை, உன்னிடமும் இல்லை. எண்ணெய் தரமாட்டேன், உன் எஞ்சினைப் பார்த்துத் தருகிறேன்” என்றார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வண்டியின் அடியில் படுத்து, காற்று வடிகட்டியை மாற்றி, எரிபொருள் சிந்தும் இடங்களை அடைத்து, சக்கரக் காற்றைச் சரிசெய்து கொடுத்தார். வண்டி முன்னை விடக் குறைவாக டீசல் குடிக்கிறது என்று டெம்போக்காரர் சொல்கிறார். எங்கள் பீப்பாய் அந்தத் தெருவுக்குச் சேமித்துத் தந்ததை விட அந்தக் கைவேலை அதிகம் சேமித்தது என்று கணக்குப் புத்தகம் சொல்கிறது.

புனேயிலேயே மற்றொரு பாதையும் உண்டு. இங்குள்ள ஆர்த்தி என்னும் கிராமியத் தொழில்நுட்ப நிறுவனத்தில் டாக்டர் ஆனந்த் கர்வே, சாணத்துக்குப் பதிலாகச் சமையலறைக் கழிவைக் கொண்டு இயங்கும் சிறிய வாயுக் கலத்தை உருவாக்கினார். அதற்கு 2006-இல் ஆஷ்டன் விருது கிடைத்தது. மாவும் சர்க்கரையும் உள்ள கழிவு சாணத்தை விட மிக விரைவில் வாயுவாகிறது என்பது அவர் கண்டது. அதில் மெதனால் வேண்டியதில்லை. காஸ்டிக் சோடாவும் வேண்டியதில்லை. எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் இப்போது அப்படியொரு கலம் இருக்கிறது. கேள்வி கேட்ட தாயாரின் வீடுதான் அது.

பலகாரக் கடையில் மிஞ்சும் எண்ணெயின் பெரும்பகுதியை இன்று உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுத்துவிடுகிறோம். பொரித்த எண்ணெயில் கேடு தரும் துருவப் பொருள்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டினால் மறுபடி பயன்படுத்தக்கூடாது என்பது 2018 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. முன்பு அந்த எண்ணெய் மலிவு விலையில் சாலையோர வாணலிக்குப் போயிற்று. இப்போது ஆலைக்குப் போகிறது. எங்களுக்கென்று சில லிட்டரை வைத்துக்கொண்டு, தோட்டத்துப் பம்பை மட்டும் ஓட்டுகிறோம்.

சில லிட்டரால் நாட்டின் எண்ணெய்ப் பாதுகாப்பு வளர்ந்துவிடாது. ஆனால் ஒரு லிட்டர் எரிபொருளுக்குள் எத்தனை பேருடைய உழைப்பும், எத்தனை நாடுகளின் பகையும், எவ்வளவு ஆபத்தும் அடங்கியிருக்கின்றன என்பதைத் தாமே காய்ச்சிப் பார்த்தவர் மறப்பதில்லை. மறவாதவர் வீணாக்குவதில்லை. மாலையில் பம்பு ஓடும்போது தோட்டத்தில் வடை சுடும் மணம் லேசாக வீசுகிறது. குழந்தைகள் வேலிக்கு அப்பால் நின்று, இன்று என்ன பலகாரம் என்று கேட்கிறார்கள்.