இல்லறத்தார் நோன்பும் போர் மறுப்பும்

(எர்ணாவூரில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

இருபத்துநான்காம் தீர்த்தங்கரர் அவதரித்த நன்னாளில் கொல்லாமையைப் போற்றாத மேடை இல்லை. எறும்புக்கும் இரங்குதல், இரவில் உண்ணாமை, நீரை வடிகட்டிப் பருகுதல் ஆகியவற்றைச் சமண இல்லங்களின் குழந்தைகளும் அறிவர். ஆனால் ஒரே நாளில் பல்லாயிரம் மனிதரைக் கொல்லும் போரைக் குறித்து இல்லறத்தார் செய்யத்தக்கது யாது என்று கேட்டால், அது அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் உரிய செய்தி என்று ஒதுங்குவது வழக்கமாகிவிட்டது. பக்கிங்காம் கால்வாய்க்கும் வங்கக் கடலுக்கும் இடையே வாழும் எர்ணாவூர் மக்கள் கூடிப் போரை மறுக்க இயலுமா? இயலுமெனில் எவ்வாறு கூடுவது? இவ்விரு வினாக்களே இவ்வுரையின் பொருள்.

அமைச்சர்கள் கூடிய கதை

ஆதிநாதரின் மைந்தர்களான பரதனும் பாகுபலியும் போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற வரலாற்றை ஜினசேனர் ஆதிபுராணத்தில் விரித்துரைத்தார். தமிழில் ஸ்ரீபுராணமும் அதனைச் சொல்கிறது. பாகுபலியின் துறவு பெரிதும் பேசப்படுகிறது. அதற்கு முன் நிகழ்ந்த ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இரு படைகளும் அணிவகுத்த வேளையில் இருபுறத்து அமைச்சர்களும் கூடி ஆலோசித்தனர். உடன்பிறந்தார் இருவரின் பூசலுக்காகக் குற்றமற்ற படைவீரர் மடிவது தகாது என்று முடிவு செய்து, அதனைத் தத்தம் அரசரிடம் துணிந்து எடுத்துரைத்தனர். படைகள் விலகி நின்றன. கண்பார்வைப் போர், நீர்ப்போர், மற்போர் என்னும் மூன்றோடு வழக்குத் தீர்ந்தது. வென்ற பாகுபலி வெற்றியையும் துறந்தார்.

எதிரியின் அமைச்சரோடு அமர்ந்து பேசுதல், பின்னர்த் தன் அரசனிடமே சென்று உண்மை கூறுதல் என்னும் இரண்டும் இக்கதையில் அடங்கியுள்ளன. போரைத் தடுக்க முயன்ற எக்கூட்டமைப்பும் இவ்விரண்டையும் செய்யாமல் நிலைத்ததில்லை. சரவணபெளகொளாவில் 57 அடி உயரப் பாகுபலித் திருவுருவத்தை 981ஆம் ஆண்டளவில் நிறுவியவர் கங்க அரசின் படைத்தலைவரான சாமுண்டராயர் என்பதும் எண்ணத்தக்கது. போரை அறிந்த ஒருவரே போரைத் துறந்தவருக்குச் சிலை எடுத்தார்.

இக்கரையைத் தொட்ட போர்கள்

போர் எங்கோ எல்லையில் நிகழ்வது என்னும் எண்ணம் வடசென்னைக்குப் பொருந்தாது. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னையைக் குண்டுவீசித் தாக்கியபோது, துறைமுகத்தருகே இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. கோட்டைக்கு வைத்த குறியன்று அது. எண்ணெய்த் தொட்டிக்கு வைத்த குறி. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கிய செய்தி வந்ததும் சென்னை நகர மக்கள் பெருந்திரளாக வெளியூர்களுக்குச் சென்றனர். அந்நாளில் குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து வெளிவரும் என்று அஞ்சி, நகரின் உயிரியல் பூங்காவிலிருந்த சிங்கம், புலி முதலிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. குண்டு விழுமுன்பே போரச்சம் வாயில்லா உயிர்களைப் பலிகொண்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று சென்னைமீது குண்டு வீசவும் செய்தது.

எண்ணூரில் பர்மா நகர் என்னும் பெயர், அந்நாட்டிலிருந்து வாழ்விழந்து வந்தவர்களின் நினைவைத் தாங்கி நிற்கிறது. வடக்கே கும்மிடிப்பூண்டியிலும் அருகே புழலிலும் உள்ள முகாம்கள் இலங்கைப் போரின் துயரைச் சுமக்கின்றன. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். அது போர் அன்று, விபத்து. எனினும் எண்ணெயும் வாயுவும் இரசாயனங்களும் நிறைந்த இக்கரையில் போர் வந்தால் யாது நேரும் என்பதற்கு அவ்விரவே போதிய பாடம். 2025 மே 7 அன்று நாடு முழுவதும் நடந்த போர்க்கால ஒத்திகைக்குத் தமிழ்நாட்டில் சென்னைத் துறைமுகமும் கல்பாக்கமும் தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணம் விளக்க வேண்டாதது.

கை, நெஞ்சு, செவி

துறவியர்க்கு மகாவிரதம், இல்லறத்தார்க்கு அணுவிரதம். அணுவிரதத்தைக் காக்கும் வேலியாக அமைந்த குணவிரதங்களுள் ஒன்று அனர்த்ததண்டவிரதம். பயனின்றிப் பிற உயிர்க்குத் துன்பம் விளைக்கும் செயல்களை விலக்குதல் அதன் பொருள். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இதனை விளக்குகின்றன. விலக்கத்தக்கவை ஐந்து: பாபோபதேசம், ஹிம்சாதானம், அபத்தியானம், துஸ்ருதி, பிரமாதசரியை.

இவற்றுள் மூன்று போரைப் பற்றியே சொன்னவை போல் உள்ளன. ஹிம்சாதானம் என்பது கொலைக்கருவியைப் பிறர்க்கு வழங்குதல். அதனை விலக்குவது கையின் நோன்பு. அபத்தியானம் என்பது பிறர் அழிவை விரும்பி நினைத்தல். அதனை விலக்குவது நெஞ்சின் நோன்பு. துஸ்ருதி என்பது சினத்தையும் பகையையும் மூட்டும் சொற்களைக் கேட்டலும் பரப்புதலும். அதனை விலக்குவது செவியின் நோன்பு. போரை நிறுத்தும் ஆற்றல் இல்லறத்தானுக்கு இல்லாமலிருக்கலாம். போருக்குத் தன் கையையும் நெஞ்சையும் செவியையும் கடன் கொடாமலிருக்கும் ஆற்றல் அவனுக்கு உண்டு. அவ்வாறு கடன் கொடாதவர்கள் ஒருவரையொருவர் அறிந்து கூடுவதற்குப் பெயரே போர் எதிர்ப்புக் கூட்டமைப்பு.

ஓர் ஐயம்

இங்கே நியாயமான ஐயம் ஒன்று எழும். நாட்டைக் காக்கும் வீரனைப் பழிப்பதாகாதா இது? சமண ஆசாரியர்கள் ஹிம்சையை நான்காக வகுத்தனர்: கொல்லவேண்டும் என்றே எண்ணிக் கொல்லும் சங்கல்ப ஹிம்சை, இல்வாழ்வின் செயல்களில் நேரும் ஆரம்ப ஹிம்சை, தொழிலில் நேரும் உத்யோக ஹிம்சை, தற்காப்பில் நேரும் விரோத ஹிம்சை. இல்லறத்தான் முற்றாகத் துறக்கவேண்டுவது முதலாவதை. ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்தல் அவன் கடமை. ஆதலால் எல்லையில் நிற்கும் வீரனையோ, ஆவடித் தொழிற்சாலையில் டாங்கி செய்து குடும்பம் காக்கும் தொழிலாளியையோ இந்நெறி இகழாது. ஆயினும் இவ்வகுப்பு ஒரு கதவையும் அடைத்துவிடுகிறது. தற்காப்பு என்னும் பெயரில் பகைநாட்டுக் குழந்தைகளின் சாவைக் கொண்டாடுவோர்க்கு இந்நான்கில் எதிலும் இடமில்லை. அது அபத்தியானம், யாதொரு பயனும் இல்லாத தீவினை.

முன் சென்றவர்கள்

1949இல் ஆசாரியர் துளசி அணுவிரத இயக்கத்தைத் தொடங்கியபோது, எச்சமயத்தாரும் ஏற்கத்தக்க சிறு உறுதிமொழிகளாக அதனை அமைத்தார். ஆக்கிரமிப்பு செய்யாமை, ஆக்கிரமிப்பை ஆதரியாமை, உலக அமைதிக்கும் ஆயுதக் குறைப்புக்கும் முயலுதல் என்பன அவற்றுள் அடங்கும். ஒரு பெருங்கொள்கைக்கு எல்லாரையும் அழைப்பதைவிடச் சிறு நோன்புக்குப் பலரை அழைப்பது எளிது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

சிறுவயதில் சமணத் துறவியாயிருந்து, பின் துறவைவிட்டு வினோபாவின் பணியில் சேர்ந்தவர் சதீஷ்குமார். அவரும் நண்பர் ஈ.பி. மேனனும் 1962இல் தில்லி காந்தி சமாதியிலிருந்து புறப்பட்டு, அணு ஆயுதம் வைத்திருந்த நான்கு நாடுகளின் தலைநகரங்களான மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் நோக்கிக் கையில் காசின்றி நடந்தனர். கடல் குறுக்கிட்ட இடங்களில் மட்டும் கப்பல் ஏறினர். சோவியத் நாட்டில் தேயிலைத் தொழிற்சாலைப் பெண் ஒருவர் நான்கு தேயிலைப் பொட்டலங்களைக் கொடுத்து, நான்கு நாட்டுத் தலைவர்க்கும் ஒவ்வொன்றாகச் சேர்ப்பிக்கச் சொன்னார். அணுகுண்டை ஏவ எண்ணம் வரும்போது ஒரு நிமிடம் நின்று தேநீர் அருந்தட்டும் என்பது அவர் வேண்டுகோள். பாரிசில் சிறைப்பட்டபோதும் அந்த நடை நிற்கவில்லை. ஹிம்சாதானத்துக்கு மாற்றான தானம் ஒன்றை அத்தொழிலாளிப் பெண் உலகுக்குக் காட்டினார்.

1998 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டுகளைச் சோதித்து, தெருக்களில் இனிப்பு வழங்கப்பட்ட நாட்களில், சென்னையில் பத்திரிகையாளர் ஜே. ஸ்ரீராமன் முதலியோர் அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தை முன்னெடுத்தனர். 2000 நவம்பரில் தில்லியில் நாடெங்குமுள்ள பல அமைப்புகள் கூடி, அணு ஆயுத ஒழிப்புக்கும் அமைதிக்குமான கூட்டமைப்பை உருவாக்கின. அணுமின் நிலையங்கள் வேண்டுமா என்பதில் ஒத்த கருத்தில்லாதவர்களும் அணுகுண்டு கூடாது என்பதில் ஒன்றுபட்டனர்.

2024 பிப்ரவரியில் இந்தியப் பெருந்துறைமுகங்களின் தொழிலாளர் கூட்டமைப்பு ஒன்று, காசாப் போருக்காக இஸ்ரேலுக்குச் செல்லும் ஆயுதச் சரக்கை ஏற்றவோ இறக்கவோ மாட்டோம் என்று அறிவித்தது. அதன் உறுப்பினர் 3,500 பேர். அவர்கள் அருங்கலச்செப்பைப் படித்தவர் அல்லர். தொழிலாளர் தோழமையிலிருந்து பேசினர். ஆயினும் அவர்கள் மறுத்தது ஹிம்சாதானமே. துறைமுகத்தைச் சார்ந்து வாழும் எர்ணாவூர் மக்களுக்கு இதனினும் அணுக்கமான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இப்பாதை எளிதென்று எவரும் சொல்லார். 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி எழுந்து, பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளுக்காக நீதி கேட்டது. அதே மண்ணில் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பைச் சேர்ந்த உடற்கூற்றியல் பேராசிரியை ரஜனி திரணகம, எத்தரப்புப் படையாயினும் அது செய்த கொடுமையை மறையாமல் எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று பணி முடிந்து வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தன் தரப்பினரிடம் உண்மை கூறும் அமைச்சரின் பணி உயிரையே விலையாகக் கேட்கும் காலமும் உண்டு. அதனாலேயே அப்பணியைத் தனியொருவர் தோளில் விட்டுவிடாமல் பலர் கூடிச் சுமக்கவேண்டும்.

எர்ணாவூரில் செய்யத்தக்கன

முதலாவது, உறுதிமொழி சிறிதாயிருக்கட்டும். கையால் உதவேன், நெஞ்சால் அழிவை விரும்பேன், செவிவழி வந்த பகைச்சொல்லைப் பரப்பேன் என்னும் மூன்றே போதும். இதில் கையெழுத்திட மீனவர்க்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர்க்கும் ஆலைத் தொழிலாளிக்கும் வணிகர்க்கும் தடையிராது.

இரண்டாவது, கூடுமிடம் மாறி மாறி அமையட்டும். ஒரு மாதம் ஜினாலய மண்டபம், அடுத்த மாதம் தேவாலயம், பின்னர் பள்ளிவாசல், குப்பத்து ஊர்ப்பொது இடம், தொழிற்சங்க அலுவலகம் என்று சுழன்றால் எவரும் விருந்தாளியாகவே தங்கிவிடமாட்டார். கட்சிக்கொடி வாசலுக்கு வெளியே நிற்கட்டும். வரவுசெலவு ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்கப்படட்டும். பணத்தைப் பற்றிய ஐயமே நல்ல முயற்சிகளை முதலில் உடைப்பது.

மூன்றாவது, கருத்து வேற்றுமைக்கு அநேகாந்தமே நெறி. ஒருவர் எல்லாப் போரும் தீது என்பார். மற்றவர் தற்காப்புப் போர் தகும் என்பார். இருவரையும் ஒரே முடிவுக்குக் கட்டாயப்படுத்தினால் கூட்டம் இரண்டாகும். இருவரும் உடன்படும் இடத்தில் பணி தொடங்கினால் அது வளரும். படைவீரர் குடும்பத்தார் தவறாமல் அழைக்கப்படவேண்டும். போரின் விலையை அவர்களைவிட நன்கறிந்தவர் இல்லை.

நான்காவது, அமைதிக்காலத்திலேயே பணி நடக்கவேண்டும். ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா நாளில் பள்ளிகளில் உரை, முகாம்களில் வாழ்ந்த முதியோரின் அனுபவத்தைக் கேட்கும் அவை, கைப்பேசியில் வரும் பகைச்செய்தியைச் சரிபார்க்கும் இளைஞர் குழு, வாயுக்கசிவு போன்ற ஆபத்தில் வெளியேறும் வழியை ஒவ்வொரு தெருவுக்கும் சொல்லிக்கொடுத்தல் ஆகியன தொடங்கத்தக்கவை. அண்டை வீட்டாரைக் கசிவிலிருந்து காக்கக் கற்ற குழுவின் சொல்லையே போர்க்காலத்தில் ஊர் நம்பும்.

இறுதியாக, பர்யூஷண முடிவில் எல்லா உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்கும் நாள் சமணர்க்கு உண்டு. அந்நாளில் உறவினர்க்கும் நண்பர்க்கும் வாழ்த்து அனுப்புவதோடு நில்லாமல், பிணக்குற்ற தெருவுக்கும் வேற்றுச் சமயத்தாரின் வாசலுக்கும் சென்று கைகூப்பும் வழக்கம் எர்ணாவூரில் தொடங்குமாயின், கூட்டமைப்பின் முதற்கூட்டம் அன்றே நடந்ததாகும்.

பரதனின் அமைச்சரும் பாகுபலியின் அமைச்சரும் படை திரண்ட பின்னரே கூடினர். ஆயினும் காலம் கடந்துவிடவில்லை. இவ்வூரில் படை திரளவில்லை. கூடுவதற்குக் காலமும் இருக்கிறது. மூவர் முன்வந்தாலும் தொடங்கலாம்.

வாழ்க அறம். எவ்வுயிரும் இன்புறுக.